சம்பளத்தோடு ஒரு நாள் லீவு

சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு. போக வர வேன், காட்டுக்குள் ஒரு நடை, மரத்தடியில் சாப்பாடு, சாயங்காலம் வரை சினிமா. எல்லாம் முதலாளியின் செலவு என்று மாஸ்டர் வந்து சொன்னபோது தையல்கூடத்தில் எட்டு மிஷினும் ஒரே நேரத்தில் நின்றன. இருமல் வந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட மணியைப் பார்க்கிற மனுஷன் அந்த முதலாளி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் சும்மா கிடைக்கிறது என்றால் ஓநாயின் பல் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

அந்தக் கூடத்தில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் கிடையாது, அது வீட்டோடு சரி. சட்டையில் எதைத் தைக்கிறாளோ அதுதான் அவள் பெயர். பட்டன் தைப்பவள் பட்டன். அந்தப் பட்டன் நுழைகிற துளையைத் தைப்பவள் காஜா. பை வைப்பவள் பாக்கெட். வேலைக்கு வந்த நாளிலிருந்து காலர் தைத்துக்கொண்டிருப்பவள் காலர், வயதுக்கு மரியாதையாகக் காலர் அக்கா. நல்ல சட்டையா நாசமாய்ப் போன சட்டையா என்பதைக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அவளுக்கு இருந்த ஒரே கர்வம்.

மிஷின் இல்லாத ஒரே ஆள் பிசிறு. தைத்து முடித்த சட்டையில் தொங்குகிற நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டித் தள்ளுவது அவள் வேலை. காலர் அக்காவின் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். இவள் தைக்கத் தைக்க அவள் வெட்டுவாள், வெட்ட வெட்டப் பேசுவாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மதியம் இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கொட்டித்தான் சாப்பிடுவார்கள். கூடப் பிறந்த தங்கையிடம் சொல்லாததையெல்லாம் காலர் அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

லீவுக்கு முந்தின நாள் வேலை முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு, மாடிப்படி வளைவில் மாஸ்டர் காலர் அக்காவை நிறுத்தினார்.

"அக்கா, ஒரு விஷயம். கிணத்துல போட்ட கல்லா இருக்கணும்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"நாளைக்கு நாம காட்டுல இருக்கறப்ப இங்க லாரி வருது. மிஷின் மொத்தமும் புது இடத்துக்குப் போகுது. அங்க புதுசா சின்னப் பொண்ணுங்கள எடுத்தாச்சு. இங்க இருக்கற யாருக்கும் இனிமே வேலை இல்ல."

காலர் அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களத் தவிர," என்றார் மாஸ்டர். "அந்தப் பொண்ணுங்களுக்கு உங்க வேலை வராது. ஒரே ஒரு ஆள வெச்சுக்கலாம்னு முதலாளிகிட்ட நான் சண்ட போட்டு வாங்கியிருக்கேன். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, அது போதும். தொறந்தீங்கன்னா உங்க இடமும் போச்சு. அப்புறம் என்னக் குறை சொல்லாதீங்க."

எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல விசிலடித்துக்கொண்டே அவர் மேலே போய்விட்டார்.

எதற்கு இந்த ஒளிவு மறைவு என்று அவள் கேட்கத் தேவையில்லை. பக்கத்துத் தெருச் செருப்புக் கம்பெனியிலும் இப்படித்தான் ராவோடு ராவாக மிஷினைத் தூக்கப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தன் மோப்பம் பிடித்துச் சொல்ல, ஆளுங்க எல்லாரும் வந்து லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலிலும் மழையிலும் அசையவில்லை. கடைசியில் மிஷினோடு சேர்த்து அவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் அந்த லாரி நகர்ந்தது. ஆக, இங்கேயும் ஒரு வாய் திறந்தால் போதும். அந்த ஒரு வாய் தன்னுடையது.

வீட்டில் முதுகு ஒடிந்து படுத்திருக்கிற கணவனிடம் சொன்னாள். மூட்டை தூக்கிய முதுகு அது, இனி தன்னையே தூக்காது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இந்த வயசுல உன்ன வேற எவன் வேலைக்கு எடுப்பான்?"

போன வருஷம் வேறொரு கம்பெனியில் கேட்டுப் பார்க்கப் போனபோது, உள்ளே விடுவதற்கு முன்பே ஊசியில் நூல் கோத்துக் காட்டச் சொன்னார்கள். நூலை நாக்கில் நனைத்து நனைத்து அவள் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து அங்கே ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டாள். மிஷினில் உட்கார்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு காலர் தைப்பாள். ஆனால் மிஷின் வரைக்கும் போக விட வேண்டுமே.

"அப்ப பேசாம இரு. ஊர் உலகத்த நீயா தாங்கிட்டு இருக்க?" என்று சொல்லி அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

காலையில் வேனில் ஒரே கும்மாளம். காஜா டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் வழுக்கைத் தலையைப் பற்றி ஒரு பாட்டே கட்டிப் பாடினாள். பாக்கெட் என்றைக்கும் இல்லாத அதிசயமாக உதட்டுக்குச் சாயம் பூசி வந்திருந்தாள். பிசிறு, இடுப்பு உயரத்துக்கு ஒரு கூடையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கடைசியாக ஏறினாள். ஆளாளுக்கு அவரவர் சாப்பாடு என்றுதான் பேச்சு. இவள் அத்தனை பேருக்கும் செய்து கொண்டு வந்திருந்தாள்.

"எதுக்குடி இவ்வளவு?" என்றாள் காலர் அக்கா.

"சும்மா இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கப் போறது எங்க பரம்பரையிலேயே நான்தான்டி முதல் ஆளு. கொண்டாட வேணாமா?"

வேனே சிரித்தது. காலர் அக்காவும் சிரித்தாள். சிரிப்பு உதட்டில் நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காட்டு வாசலில் இறங்கியதும் மாஸ்டர் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி முன்னால் நடந்தார். மரங்களில் வெள்ளை பெயிண்ட் அடித்து வழி காட்டியிருந்தார்கள். சருகு மூடிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். நாள் முழுக்க உட்கார்ந்தபடி மிதித்தே பழகிய கால்கள், நடக்கச் சொன்னால் என்ன செய்யும்? கொஞ்ச தூரத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். ஆனாலும் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. பச்சை இலை வாசனையை இப்படி மூக்கு முட்ட இழுத்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். எத்தனை அழகான நாள், யாரோ செத்த வீட்டில் நன்றாகச் சமைத்துப் போட்ட மாதிரி இருந்தது காலர் அக்காவுக்கு.

மரப்பாலத்தில் பட்டன் தனியாக நின்றிருந்தாள். இருப்பதிலேயே சின்னவள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். இவளுக்காவது சொல்லிவிடலாம் என்று காலர் அக்காவுக்குத் தோன்றியது. இவளிடம் சொன்னால் அது தானாகப் பரவிவிடும், தன் பெயர் அடிபடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கணக்கு அவளுக்கே அசிங்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பக்கத்தில் போய் நின்றாள்.

"பட்டன், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம கூடத்துல…"

பட்டன் வெடுக்கென்று திரும்பினாள். "அக்கா, வேணாங்கா. இன்னைக்கு ஒரு நாளாவது வேலையப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பாலத்தைக் கடந்து போய்விட்டாள். காலர் அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல் இருந்தது. சொல்லத்தான் வந்தேன், அவள்தான் கேட்கவில்லை. இப்படி ஒரு நிம்மதி வந்ததற்காகத் தன்னைச் செருப்பால் அடித்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டே அவளும் பாலத்தைக் கடந்தாள்.

பெரிய மரம் ஒன்றின் கீழே பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தார்கள். பிசிறின் கூடை திறந்தது. அவித்த முட்டை, மிளகுத்தூள் தூவிய உருளைக்கிழங்கு வறுவல், வெண்ணெய் தடவிய ரொட்டி, வட்டம் வட்டமாக அரிந்த வெள்ளரிக்காய், ஒரு முழுத் தர்பூசணி, பிளாஸ்க்கில் தேநீர். மாஸ்டருக்கு முதலில் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், வேகமாகத் தின்றார். பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிந்து குனிந்து பரிமாறினாள். அவள் உட்கார்ந்தபோது முட்டை தீர்ந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

"காலர், எனக்கு ஒரு யோசனை," என்று காதோரம் வந்தாள். "நாளைக்கு நாம எல்லாரும் சேர்ந்து முதலாளிக்கு எதாச்சும் வாங்கித் தரணும்டி. கேக் மாதிரி எதாச்சும். மனுஷன் கல்லுன்னு நினைச்சோம், பாத்தியா?"

ரொட்டி காலர் அக்காவின் தொண்டையில் அடைத்துக்கொண்டது. பிசிறு அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் குடித்து முடித்ததும், எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்து, காலர் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டி, திடீர்னு நமக்கெல்லாம் வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"போனா எல்லாருக்கும் சேர்ந்துதான போகும்?" பிசிறு வெள்ளரிக்காயைக் கடித்தாள். "ஒம்போது பேரும் ஒண்ணாப் போய் ஒரு சத்தம் போட்டா, போனது திரும்பி வந்துட்டுப் போகுது. நம்ம காஜா வாய்க்கு முதலாளி என்ன, அவங்க அப்பனே வருவான்."

இதைவிட நல்ல இடம் எது? அடுத்த வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாயில் இருந்ததை மென்று விழுங்குகிற நேரம்தான். அதற்குள் காஜா, "ஏய், தர்பூசணி விதைய யாரு தூரமா துப்பறான்னு பாக்கலாம், வாங்கடி!" என்று கூச்சல் போட, பிசிறு குழந்தை மாதிரி எழுந்து ஓடிவிட்டாள். ஜெயித்ததும் அவள்தான். பிசிறு வெட்டுகிறவளுக்குத் துப்புவதிலும் கை தேர்ந்துவிட்டது என்று காஜா அறிவித்தாள். காலர் அக்கா மிச்சம் இருந்த ரொட்டியையும் தின்று தீர்த்தாள். குற்ற உணர்ச்சி பசியைக் கெடுக்கும் என்கிறார்கள், அவளுக்கு அப்படி ஒன்றும் கெடவில்லை.

காட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. அதன் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, சுவரில் படம் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் படம் சிரிப்புப் படம். திருடன் ஒருவன் போலீஸ்காரன் வீட்டிலேயே சமையலுக்குச் சேர்ந்துவிடுகிறான். உப்பு அதிகமானதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாக்கெட் நாற்காலியிலிருந்தே விழுந்தாள். காலர் அக்கா திரையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த முகங்களைப் பார்த்தாள். பாவம், நாளைக்கு இந்நேரம் இந்த முகங்கள் எப்படி இருக்கும்? பாவி என்று ஒரு மனம் சொன்னது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற ஆளை யார் பார்ப்பது என்று இன்னொரு மனம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் திருடன் மாட்டிக்கொண்டு, தப்பித்து, போலீஸ்காரன் தங்கையையே கட்டிக்கொண்டான்.

விளக்கைப் போட்டதும் மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். நெற்றியில் வியர்வை. வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது.

"இப்பவே கிளம்பறதா, இன்னொரு படம் பாக்கறதா? நீங்களே சொல்லுங்க. இன்னொண்ணு வேணுங்கறவங்க கை தூக்குங்க."

இப்போது கிளம்பினால் லாரி பாதி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றுவிடலாம். வாயைக்கூடத் திறக்க வேண்டாம், கையைத் தூக்காமல் இருந்தாலே போதும். காலர் அக்கா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். நாலைந்து பேராவது வீட்டுக்குப் போகணும் என்பார்கள், அப்படியே கிளம்பிவிடட்டும், தன் தலையில் பழி வராது. ஆனால் பட்டன் கை சட்டென்று மேலே போனது. காஜா கை, பாக்கெட் கை, மற்ற நாலு கைகளும் போயின. எல்லாரையும் பார்த்துக்கொண்டே காலர் அக்காவும் மெதுவாகத் தன் கையைத் தூக்கினாள்.

"எனக்குக் கண்ணு எரியுதுப்பா, போலாமே," என்றாள் பிசிறு. அவள் ஒருத்தி கைதான் கீழே இருந்தது.

"எட்டுக்கு ஒண்ணு!" என்று மாஸ்டர் அவசரமாக விளக்கை அணைத்தார்.

இரண்டாவது அழுகைப் படம். சின்ன வயதில் பிரிந்த அக்காவும் தங்கையும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தும் ஒருத்தியை ஒருத்தி அடையாளம் தெரியாமல் போகிற கதை. அப்படி அழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, நடித்தவர்களே அரைமனதாகத்தான் அழுதார்கள். ஆனால் கூடம் முழுக்க மூக்குறிஞ்சுகிற சத்தம். காஜா வாய்விட்டு அழுதாள். வாய் ஓயாத காஜாவுக்குள் இப்படி ஒரு ஈரமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே காலர் அக்காவும், இருட்டு இருக்கிற தைரியத்தில், நெஞ்சில் இருந்ததையெல்லாம் அந்த ஆஸ்பத்திரி அக்காவின் கணக்கில் அழுது தீர்த்தாள். பிசிறு மட்டும் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேன் திரும்பி வந்து கம்பெனி வாசலில் நின்றபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. மேலே கூடத்தில் வெளிச்சம் தெரிந்தது. கதவும் திறந்து கிடந்தது.

"என்னடா இது, யாரோ லைட்ட அணைக்காமப் போயிட்டாங்க. முதலாளி நம்ம தலையில கட்டிடுவாரு," என்று சொல்லிக்கொண்டு பிசிறு முதல் ஆளாக மாடி ஏறினாள். எல்லாரும் பின்னால் ஏறினார்கள். மாஸ்டர் இறங்கவில்லை. நீங்க போங்க, நான் வரேன் என்றார்.

காலர் அக்கா படியேறும்போதே தயாராகிக்கொண்டாள். நெஞ்சில் கை வைக்க வேண்டும், ஐயோ என்று கத்த வேண்டும், கொஞ்சம் தள்ளாடினாலும் நல்லதுதான். வழி முழுக்க மனதுக்குள் அதைத்தான் தைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூடம் துடைத்து வைத்தது போல் இருந்தது. எட்டு மிஷின் நின்ற இடத்தில் எட்டுச் சதுரம், சுற்றிலும் எண்ணெய்க் கறை. சுவரிலிருந்து பிடுங்கிய ஒயர்கள் தொங்கின. மூலையில் பிசிறின் ஸ்டூல் மட்டும் கிடந்தது. அது யாருக்கு வேண்டும்?

"ஐயோ!" என்றாள் காலர் அக்கா. அதே நொடியில் ஏழு ஐயோக்கள் அவளுக்குப் பக்கத்திலேயே கேட்டன. யார் முந்தி, யார் பிந்தி என்றே சொல்ல முடியவில்லை. எல்லார் கையும் நெஞ்சில் இருந்தது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியே நின்றார்கள்.

கத்தாதவள் பிசிறு ஒருத்திதான். அவள் ஒவ்வொரு சதுரமாக நடந்து பார்த்தாள். மிஷின் அங்கேதான் இருக்கிறது, தன் கண்ணுக்குத்தான் எரிச்சலில் சரியாகத் தெரியவில்லை என்பது போலக் குனிந்து தரையைத் தடவினாள். கீழே வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"மிஷினெல்லாம் எங்கடி?"

தொங்குகிற ஒரு ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"தூக்கிட்டாங்களா? நம்மளக் காட்டுக்கு அனுப்பிட்டுத் தூக்கிட்டாங்களா?" அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "யாருக்காச்சும் தெரியுமா இது? காஜா, உனக்கு? பட்டன்?"

"தெரியாதுக்கா," என்றாள் பட்டன், தரையைப் பார்த்து.

"தெரியாது."

"எனக்கு என்ன தெரியும்?"

கடைசியாகப் பிசிறு காலர் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒரே டப்பாவில் சாப்பிட்ட முகம்.

"தெரியாதுடி," என்றாள் காலர் அக்கா.

பிசிறு நம்பினாள். அத்தனை பேரையும் நம்பினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்ப வாங்க, முதலாளி வீட்டுக்குப் போவோம். ஒம்போது பேரும் போய் வாசல்ல உக்காருவோம். செருப்புக் கம்பெனிக்காரங்க உக்காரல? இன்னைக்குள்ள மிஷின் எங்க போயிடும்? வாங்கடி!"

வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். ஒருத்திகூட நகர்ந்திருக்கவில்லை.

"காலையில போலாமேக்கா," என்று பாக்கெட் முனகினாள். குழந்தை அழும் என்றாள் பட்டன். காஜா தன் மிஷின் இருந்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்கு முதலாளியின் அப்பனே வருவான் என்று பிசிறு சொன்னாளே, அது பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றது.

"காலர், நீயாவது வா."

காலர் அக்காவின் கால் ஒரு அடி முன்னால் போனது. அவ்வளவுதான் போனது.

பிசிறு அந்த ஒரு அடியைப் பார்த்தாள். பிறகு தனியாகப் படியிறங்கினாள். அவளுடைய செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டது, அப்புறம் தெருவில் கேட்டது, முதலாளி வீட்டுப் பக்கமாகத் திரும்பி, தேய்ந்துபோனது. எட்டுப் பேரும் அவரவர் மிஷின் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் இருப்பதற்கு அந்தக் காலிக் கூடத்தில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

ரொம்ப நேரம் கழித்துப் பட்டன் நகர்ந்து நகர்ந்து காலர் அக்காவிடம் வந்தாள். தரையைப் பார்த்தபடியே ரகசியக் குரலில் கேட்டாள்.

"அக்கா… புது இடத்துக்கு எந்த பஸ்ல வரச் சொன்னாரு உங்கள?"

காலர் அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து காஜா பதில் சொன்னாள்.

"மார்க்கெட் வழியாப் போற பஸ்ஸு."

"எங்கிட்டயும் அதான் சொன்னாரு," என்றாள் பாக்கெட்.